பத்தொன்பதாவது பாடம்

ஏந் தம்பி, அந்தப் பிள்ளைய எதுக்கு எழுப்புனிய? நான் நின்னுக்கிட்டே வந்திருப்பேன். இதே ரோட்டுல சர்வீஸ் பூராவும் நின்ன காலுதான் இது. கண்டக்டர் உக்காரக்கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல, ஆனா நான் உக்காந்ததில்ல. இப்ப உள்ளவனப் பாருங்க, டிக்கெட் குடுத்த உடனே சாஞ்சிட்டான். சரி, எழுப்பிட்டிய, உக்காருதேன். சன்னலோரம் வேற.

உங்க மவதானே? அதான் கேட்டேன். 'பெரியவருக்கு எடம் விட்டுட்டு முன்னால போய் உக்காரு'ன்னிய. 'சரிப்பா'ன்னுட்டு பையத் தூக்கிட்டுப் போயிட்டு. ஒரு மொனக்கம் கெடையாது. இந்தக் காலத்துல இப்பிடிப் பிள்ளை யாருக்கு வாய்க்கும்? எனக்கு வாய்ச்சிருந்துது. அதான் அந்த வார்த்தையக் கேட்டதும் நெஞ்சு ஒரு மாதிரி ஆயிட்டு. ஒண்ணுமில்ல, தண்ணி இருக்கு எங்கிட்ட.

பாளையங்கோட்டைக்கா? காலேஜுல சேக்கதுக்கா? ஹாஸ்டலா, நல்லது. என்ன படிப்பு? நீங்க சொன்னதா, பிள்ளை கேட்டதா? நீங்க சொன்னதுதான். நல்லது, நல்லது.

நானும் பாளையங்கோட்டைக்குத்தான். நானும் படிக்கத்தான் போறேன். சிரிக்காதிய. எழுபது வயசாச்சு, சாயங்கால வகுப்பு, ஸ்பானிஷ் படிக்கேன். சமாதானபுரத்துல எறங்கி நாலு எட்டு நடந்தா ஒரு ஜெராக்ஸ் கடை, அதுக்கு மாடியில. தூத்துக்குடியில இங்கிலீசு சொல்லிக்குடுக்கான், ஜெர்மன் சொல்லிக்குடுக்கான், ஸ்பானிஷுக்கு ஆளில்ல. அதான் வாரத்துல ரெண்டு நாளு இந்த வண்டி.

எம் பேரு பங்கிராஸ். தாளமுத்து நகர்ல வந்து 'கண்டக்டர் பங்கிராஸ்'னு கேட்டா வீட்டுல கொண்டாந்து விட்டுருவாவ. பொண்டாட்டி சலேத்து போய்ச் சேந்து பதினோரு வருசமாச்சு. மவன் கிளாட்வின் பெங்களூருல இருக்கான், ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போன் பண்ணுவான். மவ மூத்தவ. சிஸ்டர். ஸ்பெயின் தேசத்துல கன்னியாஸ்திரியா இருக்காவ. இருந்தாவ. இருக்காவன்னே வச்சுக்கிடுங்க.

பெத்த மவளை என்ன 'இருக்காவ'ங்கானேன்னு பாக்கியளா? எங்கள்ல அப்பிடித்தான் தம்பி. பெத்த பிள்ளையா இருந்தாலும் உடுப்பு போட்டுட்டா அவிய ஆண்டவரோட ஆளு. அன்னையிலருந்து நீ, வா, போ எல்லாம் கெடையாது. நீங்க, வாங்க, சிஸ்டர். சில வீட்டுல மறந்து பேரச் சொல்லிருவாவ. எங்க சலேத்தே அப்பிடித்தான், கடைசி வரைக்கும் 'ஏ ஜெனோ'ன்னுதான் கூப்பிட்டா. நான் கண்டிப்பேன். நான் ஒரு நாளும் தவறினதில்ல. உடுப்பு போட்ட அன்னைக்கு 'சிஸ்டர்'னு வாயில வந்துது, அதோட சரி.

நேர்ச்சைப் பிள்ளை தம்பி. கிளாட்வினுக்கு ஆறு வயசுல மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாவ. சலேத்து பையனோட கெடக்கா, நான் இவளக் கையில பிடிச்சிக்கிட்டு உவரி அந்தோணியார் கோயிலுக்கு பஸ் ஏறிட்டேன். ஜெனோவா அவ பேரு, பத்து வயசு. ஊருல ஆளாளுக்கு ஆட்டுக்கெடா நேருவாவ, முடி நேருவாவ, அசனம் போட்டு ஊருக்கே சோறு போடுதேன்னு நேருவாவ. நான் என்னத்த நேர? கையில பிடிச்சிருந்தது அவளத்தான். 'அந்தோணியாரே, பையனக் குடும், பிள்ளையத் தாறேன்'னேன். சத்தமாத்தான் சொன்னேன், மெதுவாப் பேச வராதுல்லா நமக்கு. அவ பக்கத்துல மெழுகுதிரியப் பிடிச்சிக்கிட்டு நின்னா. பையன் பொழைச்சிட்டான்.

பொறவு பிளஸ் டூ முடிச்சா. டீச்சர் டிரெயினிங்குக்கு அப்ளிகேசன் வாங்கி வச்சிருக்கான்னு சலேத்து சொன்னா. நான் கூப்பிட்டு, 'நேர்ச்சை ஞாபகம் இருக்கும்லா'ன்னேன். 'சரிப்பா'ன்னா. அவ்வளவுதான். சலேத்துதான் மூக்கச் சிந்திச் சிந்திப் போட்டா. இவ ஒரு பொட்டு அழல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, தேவ அழைத்தல் இருக்குன்னு. அழைத்தல் இல்லாத பிள்ளை ஒத்த வார்த்தையில சரின்னுருமா, சொல்லுங்க?

ஸ்பெயின் நாட்டு மடம். முதல்ல மதுரையில வச்சிருந்தாவ, பொறவு அங்க கூட்டிட்டுப் போயிட்டாவ. மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரு, வயசாளிகளைப் பாத்துக்கிட வேலை. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா லீவுல அனுப்புவாவ. வந்தாவன்னா தெருவே பாக்கும். தனி நாற்காலி, தனித் தட்டு, நாங்க நின்னுக்கிட்டுப் பரிமாறுவோம். ஒரு நாளு பாத்தா, அடுக்களையில சலேத்து கூடத் தரையில உக்காந்து நெத்திலி ஆயிதாவ. உடுப்பெல்லாம் செதிலு. எனக்குக் கோவம் வந்துட்டு. 'எந்திரிங்க சிஸ்டர், யாராவது பாத்தா என்ன நெனைப்பாவ'ன்னேன். எந்திரிச்சுக் கையக் கழுவிட்டு வந்து, 'அப்பா, இந்த ஒரு மாசமும் என்ன ஜெனோன்னு கூப்பிடுங்களேன்'னாவ. சின்னப்பிள்ள ஆசை. 'அது மரியாத இல்ல சிஸ்டர்'னேன். 'சரிப்பா'ன்னாவ.

எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல தம்பி. சலேத்து சாகக் கெடக்கும்போது 'ஜெனோ, ஜெனோ'ன்னு பெனாத்தினா. கிளாட்வின் டிக்கெட் போட்டு வரச் சொல்லுவோம்னான். நான்தான் போன்ல சொன்னேன், 'சிஸ்டர், உங்களுக்கு அங்க எத்தனையோ வயசாளி தாய் தகப்பன் மாதிரி இருக்காவ. ஒரு வீட்டு அழுகைக்காக அவியள விட்டுட்டு வரப்படாது'ன்னு.  அதுக்கும் 'சரிப்பா.' பங்குச்சாமியாரு அடக்கப் பூசையில இத எடுத்துச் சொல்லிப் பிரசங்கம் வச்சாரு. கோயிலே அழுதுது.

இது என்ன, வாகைகுளமா? ஏரோட்ரோம் லைட்டு தெரியுதுல்லா, ஆமா. இன்னும் நேரம் கெடக்கு.

மூணு வருசத்துக்கு முன்னால, அங்க பனி விழுத காலத்துல, மடத்துப் படியில வழுக்கி விழுந்துட்டாவ. தலையில அடி. ஆபரேசன் பண்ணி உயிரு பொழைச்சிட்டாவ, நடந்தாவ, வேலை செஞ்சாவ. ஆனா தமிழ் போயிட்டு. சொன்னா நம்ப மாட்டிய. பேச்சு நரம்பு இருக்குத எடத்துல அடியாம், நெதம் பேசுத பாஷை நின்னுக்கிட்டு, பெறந்த பாஷை போயிட்டாம். போன்ல வருவாவ, நான் தமிழ்ல பேசுவேன், அவிய ஸ்பானிஷ்ல என்னமோ சொல்லுவாவ. அங்ஙன கூட இருந்த திண்டுக்கல் சிஸ்டர் ஒருத்தர், லிடியான்னு, அவியதான் ரெண்டு பக்கமும் மாத்திச் சொல்லுவாவ. கொஞ்ச நாளுல அவியளையும் வேற தேசத்துக்கு மாத்திட்டாவ. அப்புறம் போன் போட்டா, நானும் எம்மவளும் அலோ அலோன்னு சொல்லிக்கிட்டு இருப்போம். அவிய மூச்சு விடுத சத்தம் கேக்கும், வச்சிருவோம்.

ஒரு அப்பன் எத்தன நாளைக்கு மூச்சுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருப்பான்? கெளம்பிட்டேன்.

டீச்சர் பேரு இசக்கியம்மாள். பையன்மாரு 'இசா மிஸ்'சுன்னுதான் கூப்பிடுவானுவ. முப்பது வயசு இருக்கும். மெட்ராஸ்ல மெக்சிகோக்காரன் கம்பெனியில போன்ல ஸ்பானிஷ் பேசுத வேலை பாத்துட்டு, அம்மைக்குச் சொகமில்லன்னு ஊருக்கு வந்த பிள்ளை. வகுப்புல எல்லாம் இருபது வயசுப் பையன்மாரு. மேலப்பாளையத்து மைதீன்னு ஒருத்தன், கப்பல்ல ஹோட்டல் வேலைக்குப் போவணும்னு படிக்கான். என்னப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டானுவ, இன்ஸ்பெக்சனுக்கு வந்திருக்கேன்னு நெனச்சு.

ஆனா ஒண்ணு தம்பி, அந்தப் பாஷையில ஒரு 'ர்ர்ர்' இருக்கு, நாக்க உருட்டணும். ஒரு பயலுக்கும் வரல. நான் 'போலாம் ர்ர்ரைட்'டுன்னு சொல்லிச் சொல்லியே தேஞ்ச நாக்குல்லா. எனக்கு மொத நாளே வந்துட்டு. மிஸ் சொல்லுச்சு, 'எல்லாரும் அங்கிள் மாதிரி சொல்லுங்க'ன்னு. கீழ ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் அண்ணாந்து பாக்கான். சந்தோசமா இருந்துது. வீட்டுக்கு வந்து சலேத்து படத்துக்கிட்ட கூடச் சொன்னேன்.

மனப்பாடம் நமக்குக் கஷ்டமே இல்ல. ஸ்டாப்பு பேரு வரிசையாச் சொன்ன வாயி. அதுக்கும் முன்னால, சின்னப்பையனா இருக்கும்போது லத்தீன் பூசையில பீடச்சிறுவனா நின்னிருக்கேன். சாமியாரு 'தோமினுஸ் வோபிஸ்கும்'பாரு, நாங்க 'எத் கும் ஸ்பிரித்து தூவோ'ம்போம். அர்த்தம் ஒரு எழவும் தெரியாது. ஆனா ஒரு எழுத்து பெசகாது. அர்த்தம் தெரியாமச் சொன்னாலும் ஆண்டவருக்குப் போய்ச் சேரும்லா. அப்பிடி வளந்தவன் நான்.

எட்டு பாடம் முடிஞ்சுது. வணக்கம் சொல்ல, பேரு சொல்ல, அப்பா, அண்ணன், தங்கச்சி, வீடு, கதவு, சாப்பாடு. வீட்டுக்கு 'காசா'. மிஸ்கிட்ட போய், 'சிஸ்டர்கிட்ட பேசப் போறேன், நாலஞ்சு வாக்கியம் எழுதிக் குடுங்க'ன்னேன். வணக்கம், நான் உங்க அப்பா பேசுதேன், நான் ஸ்பானிஷ் படிக்கேன், தம்பி நல்லாருக்கான், இவ்வளவுதான். கடைசியில ஒண்ணு நானே யோசிச்சு வச்சிருந்தேன். 'ஆண்டவர் வீடுதான் உங்க வீடு, சிஸ்டர்'. அத ஸ்பானிஷ்ல சொல்லிக் குடுங்கன்னேன். மிஸ் ஒரு மாதிரிப் பாத்துச்சு. 'அங்கிள், எத்தன மாசம் கழிச்சுப் பேசப் போறீங்க. உன்ன நெனச்சுக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்களேன். நான் எழுதித் தாரேன்'னுச்சு. அதுக்கு என்ன தெரியும்? ஆண்டவருக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்க மாதிரி பேசலாமா? 'அது எங்க வழக்கம் இல்ல மிஸ்'சுன்னுட்டேன். எழுதிக் குடுத்துச்சு. 'லா காசா தெ தியோஸ் எஸ் சு காசா, எர்மானா.' எர்மானான்னா சிஸ்டர். நான் பேசும்போது பக்கத்துல இருக்கவான்னும் கேட்டுச்சு. வீட்டு விசயம்லா, வேண்டாம்னுட்டேன்.

ஞாயித்துக்கெழமை, வெளக்கு வைக்கித நேரம். அங்க மத்தியானச் சாப்பாடு முடிஞ்சிருக்கும். போன் போட்டேன். 'புவெனாஸ் தார்தெஸ்'னேன்.  'நான் உங்க அப்பா'ன்னு ஸ்பானிஷ்ல சொன்னேன். சிரிச்சா தம்பி. சின்னதுல மாடிப்படியில நின்னு சிரிப்பா பாருங்க, அந்தச் சிரிப்பு. பொறவு அழுதா. பொறவு கடகடன்னு பேச ஆரம்பிச்சா. மழ மாதிரி. ஒண்ணும் பிடிபடல எனக்கு. நான் 'சீ, சீ'ன்னேன், ஆமா ஆமான்னு. எனக்குப் பிடிபடலன்னு தெரிஞ்சிருக்கும் போல, நிறுத்திட்டு, மெதுவா, சின்னப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி ஒரே ஒரு வாக்கியம் சொன்னா. ரெண்டு தடவ சொன்னா.

'புவேதோ வோல்வேர் அ காசா, பாப்பா?'

நல்லாக் கேட்டுது. ஒரு எழுத்து விடாமக் கேட்டுது. 'காசா' தெரிஞ்சுது, வீடு. எனக்கு ஒரே சந்தோசம், நம்ம கையிலயும் காசா வச்சு ஒரு வாக்கியம் இருக்குல்லா. தொண்டையச் செருமிக்கிட்டுச் சொன்னேன். 'லா காசா தெ தியோஸ் எஸ் சு காசா, எர்மானா.' பிசிறில்லாம வந்துது. மிஸ் கேட்டிருந்தா கை தட்டியிருக்கும்.

லைன் கட்டாயிட்டோன்னு நெனச்சேன். அலோ, அலோங்கேன். கட்டாவல. பொறவு ஒரு சத்தம் வந்துது. தமிழ்ல.

'சரிப்பா.'

தமிழ்ல தம்பி! டாக்டரு போயிட்டுன்னு சொன்ன தமிழ்! நான் தரையில முட்டுக்கால் போட்டுட்டேன். போன வச்சது யாருன்னே தெரியல. தெருவுல எறங்கிச் சத்தம் போட்டேன், 'எம்மவளுக்குத் தமிழ் வந்துட்டு, புதுமை நடந்துட்டு'ன்னு. மறுநா உவரிக்குப் போயி பூசை குடுத்து, பத்து ஆளுக்குச் சோறு போட்டேன். வகுப்புக்கு ரெண்டு டப்பா மக்ரூன் வாங்கிட்டுப் போனேன். பையன்மாரு தின்னுட்டுக் கை தட்டுனானுவ. மிஸ் மட்டும் கேட்டுச்சு, 'ஸ்பானிஷ்ல என்ன சொன்னாங்க அங்கிள்?' நான் சொல்லல. அது எனக்கும் சிஸ்டருக்கும் உள்ளது. அதுவும் போவ, தமிழே வந்தாச்சு, இனி ஸ்பானிஷ்ல என்ன சொன்னா என்ன?

ஆனா அந்த வாக்கியத்த விடல. கடைசியில 'பாப்பா'ன்னு வருதுல்லா, அப்பாவுக்கு மிஸ் 'பாத்ரே'ன்னுதான் நடத்தியிருந்துது, அதனால இது பாப்பரசர் செபமாக்கும், எனக்காகச் செபிச்சிருக்காவன்னு எடுத்துக்கிட்டேன். ரெண்டு தடவ நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் குடுத்தாவன்னா, படிங்கப்பான்னுதானே அர்த்தம்? அன்னையிலருந்து நெதமும் செபமாலை முடிஞ்ச உடனே திரு இருதயப் படத்துக்கு முன்னால முட்டுக்கால் போட்டு மூணு தடவ சொல்லுவேன். புவேதோ வோல்வேர் அ காசா, பாப்பா. புவேதோ வோல்வேர் அ காசா, பாப்பா. அப்பிடி ஒரு நிம்மதி வரும் பாத்துக்கிடுங்க. கிளாட்வின் பிள்ளைகள் லீவுக்கு வந்தப்ப அதுகளுக்கும் சொல்லிக் குடுத்தேன். தாத்தா கூட முட்டுக்கால் போட்டு அதுகளும் சொல்லிச்சு.

பொறவு போன் போட்டா எடுக்கல. தவக்காலம், தியானத்துல இருப்பாவன்னு விட்டேன். ஈஸ்டர் முடிஞ்சும் எடுக்கல. மடத்து நம்பருக்குப் போட்டா யாரோ ஒரு கெழவி கடகடன்னு பேசிட்டு வச்சிருவா. வகுப்புக்குப் போறத மட்டும் நிறுத்தல. போய்ப் பழகிட்டு. ஆனா மழ, தேர்தல், கோயில் கொடை, பையன்மாருக்குப் பரீச்சைன்னு பாடம் நொண்டி நொண்டித்தான் போச்சு.

வல்லநாடு வந்துட்டா? எங்க காலத்துல இங்க ஆத்துப் பாலத்துல நிறுத்தி டீ குடிப்போம். இப்ப எவனும் நிறுத்த மாட்டேங்கான்.

ஒரு நாளு சாயங்காலம் பத்தொன்பதாவது பாடம். அனுமதி கேக்குதது எப்பிடின்னு பாடம். மிஸ் போர்டுல 'புவேதோ'ன்னு எழுதிச்சு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு, நம்ம செபத்துல உள்ள வார்த்தைல்லான்னு. 'புவேதோன்னா, நான் செய்யலாமா, செய்யட்டுமான்னு கேக்குறது'ன்னுச்சு. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்லிச்சு. ஒருத்தன் உள்ள வரலாமான்னான், ஒருத்தன் தண்ணி குடிக்கலாமான்னான். மைதீன் வெளிய போவலாமான்னான், எல்லாரும் சிரிச்சானுவ. பொறவு மிஸ் இன்னொரு வார்த்தை எழுதிச்சு. 'வோல்வேர்'. 'திரும்பி வர்றது'ன்னுச்சு.

தம்பி, எந்திரிச்சிட்டேன். நான் வாக்கியம் சொல்லத்தான் எந்திரிச்சேன்னு மிஸ் நெனச்சிட்டு. 'சொல்லுங்க அங்கிள்'னுச்சு. வாயி தானா சொல்லிட்டு. நெதம் மூணு தடவ சொன்ன வாயில்லா.

'புவேதோ வோல்வேர் அ காசா, பாப்பா?'

மிஸ் முகம் அப்பிடியே மலந்து போச்சு. 'சூப்பர் அங்கிள்! ஒரு தப்பு இல்ல, உச்சரிப்பு அந்த ஊர்க்காரங்க மாதிரியே இருக்கு. அர்த்தம் யாரு சொல்லுவா?'ன்னுச்சு. மைதீன் கையத் தூக்கினான். 'அப்பா, நான் வீட்டுக்குத் திரும்பி வரட்டுமா?'ன்னான். எல்லாரும் எனக்குக் கை தட்டுனானுவ.

கை தட்டுனானுவ தம்பி.

இருங்க. ஒண்ணுமில்ல. தூசி. சன்னலச் சாத்திருவோம்.

கிளாட்வின் எப்பிடியோ தேடிப் பிடிச்சு அந்த லிடியா சிஸ்டர் நம்பர் வாங்கிக் குடுத்தான். அவ தமிழ்லதான பேசுவா. 'உங்களுக்குத் தெரியாதா அங்கிள்? ஜெனோ ஈஸ்டரோட உடுப்பக் கழட்டிட்டு மடத்த விட்டுப் போயிட்டா. ஆபரேசனுக்கு அப்புறமே அவளால முடியல. போறதுக்கு முன்னால அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கேட்டாளாம். ஆண்டவர் வீடுதான் உன் வீடுன்னு சொல்லிட்டீங்களாம். ஸ்பானிஷ்லயே சொன்னாருன்னு சொல்லிச் சிரிச்சா அங்கிள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல'ன்னா. எங்க இருக்கான்னு கேட்டேன். தெரியாதுங்கா. பெரிய ஊரு எதுலயோ ஒரு வீட்டுல வயசாளியப் பாத்துக்கிடுதாளாம், பழைய நம்பர் போயிட்டாம்.

தமிழ் வந்துட்டான்னு கேட்டேன் அவகிட்ட. அதத்தான் கேட்டேன், என்ன புத்தியோ. 'இல்லியே அங்கிள், அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை கூட இல்ல'ன்னா. எங்கிட்ட சொன்னாளேங்கேன். சரிப்பான்னு சொன்னாளே. அதுக்கு லிடியா, 'அது ஒண்ணு மட்டும் இருந்திருக்கும் போல'ன்னா.

இப்ப சொல்லுங்க, யாரு மேல தப்பு? எனக்கு அந்த மிஸ் மேலதான் கோவம். முகத்துக்கு நேராவே கேட்டேன், 'திரும்பி வரட்டுமாங்குதது பத்தொன்பதாவது பாடமா? மனுசனுக்கு மொதல்ல வேண்டியது அதுதானே, அத மொதல்ல நடத்தாம, கதவு சன்னல் நாற்காலி மேசைன்னு என்னத்துக்கு நடத்துனிய? அத ரெண்டாவது பாடமா வச்சிருந்தா எங்குடி கெட்டிருக்குமா?' அந்தப் பிள்ளை கண்ணு நெறஞ்சு நின்னுச்சு. புஸ்தகம் போட்டவன் அப்பிடிப் போட்டுட்டான், அது என்ன செய்யும். இருந்தாலும் கோவம் கோவந்தான். மக்ரூன் குடுத்த அன்னைக்காவது பிடிச்சு உலுக்கிக் கேட்டிருக்கலாம்லா, என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்கன்னு. நான் சொல்லலன்னா விட்டுர்றதா?

மடத்துக்காரிய மேலயும் கோவம். கிளாட்வின் என்னடான்னா, 'எனக்காக நேந்துதானப்பா அவ போனா'ன்னு போன்ல அழுதான். இத்தன வருசத்துல அவன் அழுது நான் கேட்டதில்ல. 'ஏ, நீ பொழைச்சிருக்கியல, அதுக்கு என்னத்துக்கு அழுவுத'ன்னேன். வச்சிட்டான். நான் என்ன தப்பு செஞ்சேன் தம்பி? சொன்ன சொல்லக் காப்பாத்தினேன். அவளும் ஒரு நாளாவது மாட்டேன்னு சொன்னாளா? ஒரு நாளாவது? சொல்லியிருந்தா நான் என்ன, அடிச்சா போட்டிருப்பேன்?

அந்தச் செபத்த இப்பயும் சொல்லுதேன். நிறுத்தத்தான் பாத்தேன். முட்டுக்கால் போட்டதும் வாயி தானா சொல்லிருது. அர்த்தம் தெரியாதப்ப நிம்மதியா இருந்துது. இப்ப ஒரு தடவைக்கு மேல சொல்ல முடியல.

இன்னும் எதுக்கு வகுப்புக்குப் போறியன்னு மவன் கேக்கான். போவாம? அவளுக்கு இருக்கது அந்தப் பாஷை ஒண்ணுதானே. என்னைக்காவது ஒரு வெளிநாட்டு நம்பர் வரும். இந்தா, போனு சட்டப் பையிலயே கெடக்கு, பூசைக்குக்கூட அணைக்கிறதில்ல, சாமியாரு முறைக்காரு. அன்னைக்கு அவ கடகடன்னு என்னவெல்லாமோ சொன்னாள்லா, அதுல ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. இன்னொரு தடவ சொன்னா, ஒரு எழுத்து விடாமப் பிடிபடணும். பதிலும் வச்சிருக்கேன். மிஸ்தான் சொல்லிக் குடுத்துது. 'வென் அ காசா, ஜெனோ.' வீட்டுக்கு வா ஜெனோ. எர்மானா இல்ல. சிஸ்டர் இல்ல. மிஸ் கேட்டுச்சு, 'வாங்கன்னு மரியாதையாச் சொல்லணுமா அங்கிள், வான்னு சொல்லணுமா'ன்னு. வா போதும்னேன். குளிக்கும்போது சொல்லிப் பாக்குதேன், அடுக்களையில நின்னு சொல்லிப் பாக்குதேன். பேரச் சொல்ல நாக்கு கூசுது தம்பி, பழக்கமில்லல்லா. அந்த 'ர்ர்ர்' வந்த நாக்குக்கு இது வரமாட்டேங்கு.

கேடிசி நகர் தாண்டிட்டு. நான் எந்திரிக்கணும். ஏ கண்டக்டர் தம்பி, சமாதானபுரம் ஒண்ணு எறங்கணும், நல்லா ஓரமா நிறுத்தச் சொல்லு.

நான் எறங்கினதும் அந்தப் பிள்ளையக் கூப்பிட்டு இங்க சன்னலோரம் உக்கார வையுங்க. ஹாஸ்டலு போயிச் சேரதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளுங்க, இந்தப் படிப்பு உனக்குப் பிடிச்சிருக்கான்னு. முகத்தப் பாத்துக் கேளுங்க.

சரிப்பான்னுதான் சொல்லும். இன்னொரு தடவ கேளுங்க தம்பி.